பேலியோ, 16:8 விரதம், அளவுச் சாப்பாடு: எது தாக்குப்பிடிக்கும்?

உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவருக்கு நம் ஊரில் மூன்று யோசனைகள் வரும். அரிசி முதலான மாவுச்சத்தை அடியோடு விட்டு இறைச்சி, முட்டை, பாதாம் என்று சாப்பிடச் சொல்லும் பேலியோ. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மீதி 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடும் 16:8 விரதம். எதையும் விலக்காமல் அளவை மட்டும் பிடிக்கிற முறை. மூன்றிலும் எடை குறையும். அடுத்த பொங்கல்வரை எதைத் தொடர முடியும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

வேகத்தில் பேலியோவை மிஞ்ச முடியாது. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோகூட இறங்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர்: உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராம் கரைந்தால், அதோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் போகும். ஓராண்டுக் கணக்கில் இந்த முந்துதல் காணாமல் போகிறது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

அதற்காகப் பேலியோவைத் தள்ளிவிட முடியாது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாப். மூன்று வேளையும் அரிசி என்றிருந்தவருக்கு இது நல்ல அதிர்ச்சி வைத்தியம். ஆனால் சைவக்காரர் தினம் நூறு பாதாம் சாப்பிட்டால் மாதத்துக்கு மூன்று கிலோ வாங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சாம்பார் சாதம், இவருக்கு மட்டும் தனிச் சமையல். சமைப்பவரிடம் யாராவது கேட்டார்களா? சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரிடம் கேட்காமல் பேலியோ, விரதம் இரண்டிலும் இறங்கவே கூடாது.

16:8 செலவில்லாதது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, அப்புறம் டிவி முன்னால் மிக்சர் என்று இருப்பவருக்கு நன்றாகவே உதவும். மற்றபடி அதில் மாயம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் இரு குழுவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட்டது. ஓராண்டில் அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை.

என் ஓட்டு மூன்றாவது முறைக்கு. காரணம், கட்டுப்பாடு உடைந்த பிறகு நடப்பது. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த சோதனையில், சாப்பாட்டில் எப்போதும் கட்டுப்பாடாக இருப்பவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு, அடுத்து வைத்த ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை. குடிக்காதவர்களைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். ‘அதான் கெட்டுப்போச்சே, இன்னும் ரெண்டு ஜிலேபி வை’ என்கிற அதே கதை. ஜிலேபிக்கும் கணக்கில் இடம் இருந்தால், கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வழக்கம்போல இரண்டு இட்லியோடு தொடரலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. ‘அளவா’ என்பது ஆளுக்கு ஆள் நீளும். சாதத்தைக் கரண்டிக் கணக்கில் வைப்பவர்கூட தாளிக்கும்போது எண்ணெயைக் கண்ணளவில்தான் ஊற்றுகிறார். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டில் நெய்யையும் சேர்த்து மாதம் சுமார் மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டில் ஐந்து என்று இருந்தால், சாதத்தில் கை வைக்கும் முன் அங்கே குறையுங்கள்.