தொகுப்பு நூலின் கட்டுரையை மேற்கோள் காட்டுதல்: மேற்கோள் மென்பொருளுடன் நான்கு ஆண்டுகள்

தொண்டியில் இருந்தபடி முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிவரும் நண்பர் ஒருவர், நூல்விவரங்களைச் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியலை அமைத்துத் தருவதற்கு நான் பயன்படுத்தும் இலவச மேற்கோள் மென்பொருளைத் தாமும் நிறுவலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அதை வேர்டு கோப்புடன் இணைப்பதும், வேண்டிய மேற்கோள் நடையைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதை நான் நம்புகிறேனா என்பதே அவர் அறிய விரும்பியது.

மண்டபம் முதல் கீழக்கரை வரையுள்ள கரையோரத்தில் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. இதற்கு வேண்டிய எழுத்துகளில் பெரும்பகுதி, பலர் எழுதி ஒருவரோ இருவரோ பதிப்பித்த தொகுப்பு நூல்களில் சிதறிக் கிடக்கிறது. மென்பொருள் என் பொறுமையை ஓயாமல் சோதிப்பதும் அங்கேதான். பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எனும் 13 இலக்க நூல் அடையாள எண்ணைக் கொடுத்தால் நூலின் விவரம் முழுவதும் நொடியில் வந்துவிடும். ஆனால் அந்த எண் நூலுக்கு உரியது. உள்ளே இருக்கும் கட்டுரைக்கு உரியதன்று. ஆகவே பதிப்பாசிரியரின் பெயர்தான் வருகிறது. நூலகப் பட்டியலில் அவரையே ஆசிரியர் என்று பதிந்திருந்தால், மென்பொருளும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கட்டுரையை எழுதியவர் எங்கும் இல்லை.

சென்ற ஆண்டு ஆய்விதழ் ஒன்றிலிருந்து என் கட்டுரை திரும்பி வந்தபோது, துணைநூற்பட்டியலில் 6 இடங்கள் குறியிடப்பட்டிருந்தன. ஆறும் இதே பிழை. அவற்றுள் ஒன்று, கடலோரக் கிராமத்தில் மாதக்கணக்கில் தங்கி, பாசிக்குப் போகும் பெண்களோடு விடியற்காலையில் கரைக்குச் சென்று எழுதப்பட்ட கட்டுரை. அந்த உழைப்பு முழுவதையும், நூலுக்கு முன்னுரை மட்டும் எழுதிய பதிப்பாசிரியரின் பெயரில் நான் அனுப்பியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏபிஏ நடையில் இதற்கான முறை தெளிவாகவே இருக்கிறது. முதலில் கட்டுரையாசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு நேரெழுத்தில். அதன் பிறகே பதிப்பாசிரியரின் பெயர், அதுவும் முன்னெழுத்து முன்னால் வரும்படி. அடுத்து நூலின் பெயர் சாய்வெழுத்தில், பக்கங்கள், பதிப்பகம். நூல் முழுவதையும் ஒருவரே எழுதியிருந்தால் இத்தனையும் வேண்டியதில்லை. பட்டியலில் முழு நூலைக் கொடுத்துவிட்டு, எந்த இயல் என்பதை நாம் எழுதும் கட்டுரையின் உள்ளே சொன்னால் போதும். இந்த வேறுபாட்டை அறியாமல், தனியாசிரியர் நூலின் ஒவ்வோர் இயலுக்கும் ஒரு பதிவு போட்டு வைக்கும் மாணவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நியாயமாகச் சொல்வதானால், மென்பொருளில் நூலின் பகுதி என்ற தனி வகை இருக்கிறது. முழு நூலின் பதிவிலிருந்து அதை உருவாக்கவும் வழியுண்டு. அந்த வகையைத் தேர்ந்து கட்டுரையாசிரியரையும் பக்கங்களையும் நிரப்பிவிட்டால், அதன்பின் ஒரு காற்புள்ளிகூடப் பிசகாது. என் கோபம் ஒன்றுதான்: எண்ணைக் கொடுக்கும்போதே, முழு நூலா, அதில் ஒரு கட்டுரையா என்று அது கேட்பதில்லை.

கருத்தரங்கத் தொகுதிகளில் ஆண்டுக் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். சூரை, சீலா, அயிலை முதலிய மீன்களைப் பற்றி 1962 ஜனவரியில் மண்டபம் முகாமில் ஒரு கருத்தரங்கு நடந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் வெளியிட்ட அதன் முதல் தொகுதி 1964இல்தான் அச்சில் வந்தது. மேற்கோளில் இடவேண்டிய ஆண்டு 1964. கருத்தரங்கு நடந்த ஆண்டைத் தலைப்பில் கண்டு அதையே ஆண்டுக் கட்டத்தில் இட்டால், தேடிப் போகும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார். 2019இல் வந்த ஏபிஏ 7ஆம் பதிப்பு, பதிப்பித்த ஊரின் பெயரையும் நீக்கிவிட்டது. வேலை குறைந்தது உண்மை. ஆயினும் மண்டபம் முகாம் என்ற பெயர் பட்டியலிலிருந்து மறைவதில் இந்தக் கரையில் பிறந்த எனக்கு வருத்தம் உண்டு.

எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி, பெயருக்கான ஒற்றைக் கட்டம். தன் பெயரை முன்னும் தந்தையின் பெயரைப் பின்னும் எழுதும் ஒருவரை, குடும்பப்பெயர், பெயர் என்று பிரிக்கும் இரட்டைக் கட்டம் தந்தையின் பெயரிலேயே பட்டியலிட்டுவிடும். ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றினால், நாம் எழுதியபடியே பெயர் நிற்கும். நம் பெயர்களுக்கு இடம் கொடுத்த அந்தச் சிறு ஏற்பாட்டுக்காகவே இந்த மென்பொருளைப் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன்.

ஆனாலும் நண்பருக்கு, இப்போது நிறுவ வேண்டாம் என்றுதான் எழுதினேன். மேசையில் உள்ள தொகுப்பு நூல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதியவரின் பெயரையும், கடைசிப் பக்க எண்ணையும், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் உள்ள ஆண்டையும் முதலில் ஒரு நோட்டில் கையால் எழுதச் சொன்னேன். குறியிடப்பட்ட அந்த 6 பதிவுகளையும் நான் அப்படித்தான் சரிசெய்தேன். பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதியவரின் பெயர் இப்போது அவர் கட்டுரைக்கு முன்னால் இருக்கிறது.