மாங்காய்க்குப் பதில் பச்சை ஆப்பிள்: பல வருடப் பழக்கம்

சிங்கப்பூரில் பச்சை ஆப்பிள் என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் கிரானி ஸ்மித். எங்கள் வீட்டில் அதைக் கடித்துச் சாப்பிடுவதைவிடச் சமைப்பதுதான் அதிகம். தேக்கா சந்தையில் நல்ல புளிப்பு மாங்காய் நினைத்த நேரத்தில் அமையாது. இந்த ஆப்பிள் எந்த மாதமும் கிடைக்கும். தென்னாப்பிரிக்கா, சிலி பக்கம் ஏப்ரல் வாக்கில் அறுவடை, வட நாடுகளில் அக்டோபர் வாக்கில். குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் தாங்கும் ரகம் என்பதால் இடைவெளியே தெரியாது.

பழைய ரகம் இது. 1868 வாக்கில் சிட்னிக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வுட்டில், மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்தது. 1870இல் அவர் இறந்துவிட்டார். தன் ஆப்பிள் உலகம் சுற்றியதை அவர் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. விதை போட்டால் அதே பழம் வராது, ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். அதனால் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் புளிப்பு பெரிதாக மாறுவதில்லை, என் மசாலா அளவும் மாறுவதில்லை.

இதில் தொக்குதான் பிரமாதம். தோலோடு துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கடைசியில் வெந்தயப்பொடி தூவுவேன். இந்த ஆப்பிளில் பெக்டின் என்ற கெட்டியாக்கும் பொருள் அதிகம். தொக்கு அல்வா மாதிரி திரண்டு வரும். தோலில் மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மீன் குழம்புக்கு இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் துண்டுகளைப் போட வேண்டும். முன்னாடியே போட்டால் கரைந்துவிடும், மாங்காய் போல நிற்காது. மாங்காயின் வாசனையும் இதில் இல்லை. ஆவக்காய்க்குச் சுத்தமாக ஒத்துவராது, நீர் விட்டுவிடும். தொக்கையும் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவோம்.

நம் ஊர் வெக்கையில் ஆப்பிளை வெளியே வைத்தால் சீக்கிரம் மாவு மாவாகிவிடும். ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. ஆனால் கீரை, கறிவேப்பிலை பக்கத்தில் வைக்காதீர்கள். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு இலைகளை மஞ்சளாக்கிவிடும். தனிப் பையில் கட்டி வையுங்கள்.

அப்புறம், வாங்கும்போது அடர் பச்சையாக, கல்லு மாதிரி இருப்பதை எடுங்கள். மஞ்சள் ஏறியதில் இனிப்பு கூடியிருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுக்கலாம், குழம்புக்கு வேண்டாம்.