ஆறு வருடம், மூன்று டைகர்

என் மேசைக்கு மேலே இருக்கும் கண்ணாடி அலமாரியில் மூன்று டேங்க் மாடல்கள் நிற்கின்றன. மூன்றும் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டேங்க்கான டைகர் 1, மூன்றும் 1/35 அளவு, அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் "ஒரே டேங்க்கை எதுக்கு மூணு தடவை செஞ்சிருக்கீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. முதல் இரண்டும் தப்பு, அதனால்தான்.

முதல் டைகருக்கு இப்போது ஆறு வயது. கிட்டோடு, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வந்த டெக்கால் ஸ்டிக்கரில் துனிசியாவில் சண்டை போட்ட வண்டியின் எண் இருந்தது, அதையே ஒட்டினேன். கூடவே சிம்மரிட் மேல் ஆசை வந்துவிட்டது. காந்தக் கண்ணிவெடி ஒட்டக் கூடாது என்று ஜெர்மானியர்கள் தகட்டின் மேல் பூசி, வரிவரியாகக் கீறிவிட்ட சாந்துதான் சிம்மரிட். பிசைந்து பூசினால் இறுகும் எபாக்சி புட்டியை மெல்லியதாகத் தடவி, ஒடித்த ரம்ப பிளேடால் ஒவ்வொரு வரியாக அழுத்தினேன். மூன்று வாரம். முடித்துக் காட்டியதும் மாடல் செய்யும் நண்பர் ஒருவர் சிரித்தார். துனிசியாவில் ஜெர்மன் படை சரணடைந்தது 1943 மே மாதம். சிம்மரிட் பூச ஆரம்பித்ததே அந்த வருடத்தின் பின்பாதியில்தான்.

இன்றுவரை கிட்டைத் திறப்பதற்கு முன் நான் செய்யும் ஒரே வேலை, எந்த வண்டி, எந்த மாதம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் ஒட்டுவது. 1942 முதல் 1944 ஆகஸ்ட் வரை சுமார் 1,350 டைகர்கள் செய்தார்கள். அதற்குள் எத்தனையோ மாற்றங்கள். கமாண்டர் தலை நீட்டும் கூண்டு முதலில் டிரம் மாதிரி உயரமாக இருந்தது, 1943 நடுவில் தாழ்ந்துவிட்டது. ரப்பர் சுற்றிய சக்கரம் போய் 1944 தொடக்கத்தில் இரும்பு விளிம்புச் சக்கரம் வந்தது. பல கிட்டுகளில் வேறு மாத வண்டிக்கான உபரி பாகங்கள் ஸ்ப்ரூவிலேயே, அதாவது பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே, மிஞ்சும். அழகாக இருக்கிறதே என்று அதை வெட்டி எடுத்தோமோ, தொலைந்தோம்.

இரண்டாவதுக்கு இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 131-ஆம் எண் வண்டியைப் பிடித்தேன். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷார் கைப்பற்றியது. இன்றும் ஓடுகிற டைகர் 1. படங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்தத் தடவை தேதி சரி, இரும்பில் கோட்டை விட்டேன். வார்ப்பு எஃகுக்கு இருக்கும் சொரசொரப்பைக் காட்ட, புட்டியைத் தின்னரில் கரைத்து, தேய்ந்துபோன பிரஷ்ஷால் பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியான டரட் முழுக்கக் குத்திவிட்டேன். பார்க்க அவ்வளவு 'ரியல்'. ஆனால் டைகரின் டரட் சுவர் வார்ப்பே அல்ல. 80 மில்லிமீட்டர் தகட்டைக் குதிரை லாடம் போல வளைத்தது. வார்ப்பு என்பது பீரங்கியைத் தாங்கி முன்னால் நிற்கும் அந்தக் கவசம்தான். மூன்றாவதில் அங்கே மட்டும் குத்தி, பக்கச் சுவரை வழுவழுவென்று விட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெயின்ட்டுக்கு அடியிலும் வித்தியாசம் தெரிகிறது.

வெல்டிங் கோட்டுக்கு நான் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை. மிஞ்சிய ஸ்ப்ரூவை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, இளகியதும் சட்டென்று இழுத்தால் முடி மாதிரி இழை வரும். தகடுகள் சேரும் இடத்தில் அதை வைத்து, ஒட்டும் திரவத்தை இரண்டு தடவை தொட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டு, பிளேடு நுனியால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் இழை கூழாகிவிடும். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் அகல வெல்டு இங்கே 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை. தடிமனாகப் போட்டால் தையல் போட்ட காயம் போல இருக்கும்.

(35 என்ற அசௌகரியமான கணக்குக்குக் காரணம் பேட்டரி. 1961-ல் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா, ஜெர்மன் பாந்தர் டேங்க்கின் மாடலைச் செய்தபோது மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். அதில் வந்து நின்ற எண் இது. நாம் இன்னும் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறோம்.)

தனியாக வாங்கிய பாகங்களில் கொடுத்த காசுக்கு உழைத்தது உலோக டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. டைகரில் மேலே டிராக்கைத் தாங்கத் தனி உருளை கிடையாது. அது சக்கரங்களின் மேலேயே தொய்ந்து கிடக்கும். கிட்டில் வந்த வினைல் டிராக் பெல்ட் மாதிரி விறைத்து நின்றது. முதல் டைகரில் இன்னொரு கூத்தும் நடந்தது: மூன்று கோடை போனபின் பார்த்தால், வினைல் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் சக்கரம் மெழுகு போல இளகிக் குழிந்திருக்கிறது. உலோக டிராக்கில் பக்கத்துக்கு 96 கண்ணி, ஒவ்வொன்றுக்கும் கம்பி நறுக்கிச் செருக வேண்டும். விரல் நுனி பஞ்சராகிவிடும். ஆனால் மாட்டியதும் தன் எடையிலேயே தொய்கிறது. அகலத்தை மட்டும் அளந்து வாங்குங்கள். சண்டைக்கான டிராக் 725 மில்லிமீட்டர், அதாவது நம் அளவில் 20.7. ரயிலில் ஏற்றும்போது மாட்டும் 520 மில்லிமீட்டர் டிராக் வேறு.

போட்டோ எட்ச், அதாவது மெல்லிய உலோகத் தகட்டில் அரித்து எடுத்த பாகங்கள், பற்றி என் கருத்து கொஞ்சம் மாறிவிட்டது. எஞ்சின் மேல் வரும் கம்பி வலைக்கு அதைவிட நல்லது இல்லை. கோடாரி, மண்வெட்டியைப் பிடிக்கும் குட்டி கிளிப்புகளோ தூசு தட்டும்போது ஒவ்வொன்றாக உதிர்கின்றன. இரண்டாவது டைகரில் பதினான்கு ஒட்டினேன், மிச்சம் ஐந்து.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று. பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெளுத்து, வண்டி விபூதி பூசினாற்போல் ஆகிவிடும். எனக்கு ஆனது.

போன மாதம் முதல் டைகரை எப்படியாவது காப்பாற்றலாமென்று எடுத்தேன். எண்ணை அழித்து, 1944-இல் ரஷ்யாவில் நின்ற வண்டியாக்கிவிட்டால் சிம்மரிட் சரியாகிவிடும். டரட்டைத் திருப்பினேன். மேலே டிரம் கூண்டு. திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.