கார்ட்லெஸ் போனில் சத்தம் குறைந்தால் கடைக்கு ஓடாதீர்கள்: 2,850 ரூபாய் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று வீட்டில் சமாதானம் சொல்லி என்னையும் சும்மா இருக்க வைத்துவிடுவார்கள். 2,850 ரூபாய். ஒரு பழைய கார்ட்லெஸ் போனில் காதுப் பக்கம் சத்தம் குறைந்ததற்கு, ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடை எங்களிடம் வாங்கிய தொகை. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. டிவி, மிக்சி, இன்வெர்ட்டர், ஹோம் தியேட்டர் எல்லாம் பார்க்கப்படும் என்று வெளியே பெரிய போர்டு, உள்ளே கூரை வரைக்கும் செத்த டிவிக்கள். அந்த மாதிரிக் கடை.

நாங்கள் இருப்பது கீழக்கரை. போன், என் காக்கா, அதாவது அண்ணன், துபாயிலிருந்து கொண்டுவந்தது. லைன் மாட்டுகிற பேஸ் ஒன்று, கையில் எடுத்துப் பேசுகிற ஹேண்ட்செட் இரண்டு. ஒன்று கூடத்தில் உம்மாவிடம், இன்னொன்று மாடியில். இந்தக் காலத்தில் யார் லேண்ட்லைன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் சாட் பண்ணலாம், கால் போகாது, அங்கே தடை. அதனால் காக்கா லேண்ட்லைனுக்குத்தான் அடிப்பார். வீட்டுச் சுவர் பழைய காலத்துத் தடிமன், கூடத்துக்குள் செல்போன் சிக்னலும் சரியாக வராது. உம்மாவுக்குத் தொடுதிரை பிடிபடவில்லை. பெரிய பட்டன், கையில் பிடிக்க வாகு, அந்தப் போன்தான் அவருக்கு வசதி.

சத்தம் திடீரென்று போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. மணி அடிப்பது பழையபடி கணீரென்று இருந்தது. ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினால் பேச்சு தெளிவாகக் கேட்டது. காதில் வைத்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. வால்யூமை முழுக்க ஏற்றியும் அதே கதை. மாடியிலிருக்கும் ஹேண்ட்செட்டில் எந்தக் குறையும் இல்லை. ஸ்பீக்கரிலேயே பேசலாமே என்றால், காக்கா சொல்வது தெருவுக்கே கேட்கிறது என்று உம்மாவுக்குக் கூச்சம்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொழில் தெரிந்த எவருக்கும் இந்த விவரமே போதும். மாடி செட் நன்றாக இருக்கிறது என்றால் லைனில் கோளாறு இல்லை, பேஸிலும் இல்லை. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கிறது என்றால் பேச்சு ஹேண்ட்செட் வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது காதுப் பக்கத்துச் சின்ன ஸ்பீக்கரையும் அதன் தொடுப்பையும்தான். அவருக்கு இது தெரியாமல் இல்லை.

ஆனால் அந்த ஆள் எங்களை வாங்கிய விதம் இருக்கிறதே! உம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். "கீழக்கரையிலிருந்தா வர்றீக? இந்த வெயில்ல அம்மாவை ஏன் கூட்டிக்கிட்டு வந்தீக, ஒரு போன் போட்டிருந்தா நானே ஆள் அனுப்பியிருப்பேனே" என்றார். ஹேண்ட்செட்டை இரண்டு கையாலும் வாங்கி, காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கேட்டார், "வீடு கடலுக்குப் பக்கமா?" ஆமாம் என்றேன். "அதான். உப்புக் காத்து. உள்ளே போர்டுல ஆடியோ ஐ.சி. அரிச்சுப் போச்சு."

ஐ.சி. என்றால் போர்டில் இருக்கும் சில்லு. அங்கேதான் நம்பினோம். உப்புக் காற்று என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், சைக்கிள் செயின், எல்லாம் கண்ணெதிரே அரித்துப்போகிறது. ஒரு உண்மையைச் சொல்லி அதன் முதுகில் ஒரு பொய்யை ஏற்றிவிட்டார். உம்மா அவருக்கு துஆ வேறு செய்தார், "அல்லாஹ் உங்க தொழில்ல பரக்கத்தைக் கொடுக்கட்டும்" என்று. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கணக்கு வாயாலேயே போட்டார். ஐ.சி. 1,600, ஸ்பீக்கர் 450, பேட்டரி 400, வேலைக்கூலி 400. மொத்தம் 2,850. அட்வான்ஸ் 2,000 அங்கேயே கொடுத்தோம். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, தேதிகூட இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. பார்ட்ஸ் மதுரையிலிருந்து வருகிறது என்றார். பிறகு மதுரையில் இல்லை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் கிடைக்கும் என்றார். பிறகு வேலை பார்க்கிற பையன் கோயில் கொடைக்குப் போய்விட்டான், பிறகு கரண்ட் இல்லை, பிறகு போனையே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தார்! பேஸையும் வாங்கி வைத்துக்கொண்டதால் அத்தனை நாளும் மாடி செட்டும் சும்மா கிடந்தது. பரணில் கிடந்த பழைய வயர் போனை இறக்கி மாட்டினோம். அதில் சத்தம் அருமையாக இருந்தது. உம்மாவுக்கு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினால் முதுகு வலி, அவ்வளவுதான் குறை.

கடைசியில் வாங்கப் போன அன்று அவர் செய்த வித்தையைக் கவனியுங்கள். கடை லைனில் பேஸை மாட்டினார், ஒரு நம்பரை அடித்தார், ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினார். கடை முழுக்கக் கேட்டது. "கேக்குதாம்மா?" என்றார். "நல்லாக் கேக்குது" என்றார் உம்மா. எப்போதுமே நன்றாகக் கேட்ட பக்கத்தைத்தான் அந்த ஆள் காட்டினார். காதில் வைத்துப் பார்ப்பதற்குள் செட்டைப் பைக்குள் போட்டு, மீதி 850-க்குக் கை நீட்டிவிட்டார். பின்னால் வேறு ஒருவர் இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

திருப்புல்லாணி தாண்டி வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. அதே கிணறு. கூடுதலாக, காலையில் முழு சார்ஜில் எடுத்த செட் அசர் தொழுகை நேரத்துக்குள், அதாவது சாயங்காலத்துக்குள், பீப் பீப் என்று அழ ஆரம்பித்தது. முன்னால் அப்படி இல்லை.

திரும்பப் போனேன். இந்த முறை நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. "உங்க லைன் வீக்கா இருக்கும், டெலிபோன் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க" என்றார். மாடி செட்டிலும் வயர் போனிலும் நன்றாகக் கேட்கிறதே என்றேன். "அது வேற செட்டு, வேற டெக்னாலஜி." ஒரே பேஸில் ஓடுகிற ஒரே மாதிரி செட் எப்படி வேறு டெக்னாலஜி ஆகும்? பதில் இல்லை. பிறகு என்னைப் பார்க்காமல் எதையோ ஈயம் வைத்துக்கொண்டே சொன்னார், "அம்மாவைக் காது டாக்டர்கிட்ட காட்டுங்க."

2,850 ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்ன வார்த்தை அது.

வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற சாச்சா மகன், அதாவது சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, இருக்கிறான். அவன்தான் செட்டைத் திறந்தான். பேட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே திருகாணி. பிறகு காலாவதியான ஏ.டி.எம். கார்டை விளிம்பில் விட்டு மெதுவாக நெம்பினால் இரண்டாகப் பிரிந்தது. காதுப் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமான ஸ்பீக்கர். அதற்கும் வெளித் துளைகளுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு வலைத்துணி. அந்தத் துணியில் தலை எண்ணெயும் பவுடரும் தூசியும் சேர்ந்து மெழுகு மாதிரி அப்பியிருந்தது, விளக்கில் பிடித்தால் வெளிச்சம்கூட ஊடுருவவில்லை. ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு சின்ன ஸ்பிரிங் தகடு. போர்டில் ஈயம் வைத்து ஒட்டியதில்லை, வெறுமனே அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தகடு தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு.

450 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன ஸ்பீக்கரின் மேல் வருஷக்கணக்கான அழுக்கு! 1,600 ரூபாய் ஐ.சி. என்றாரே, அந்தப் போர்டில் எந்த இடத்திலும் புது ஈயம் இல்லை. புதிதாக ஈயம் வைத்தால் பளபளப்பும், ஈயம் ஒட்டப் போடுகிற ஃபிளக்ஸின் கறையும் தெரியும் என்று தம்பி காட்டினான். எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி மங்கல். ஐ.சி.யின் மேலே படிந்த தூசிகூடக் கலையவில்லை.

மாற்றியது பேட்டரியை மட்டும். பழையதில் 650 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்ததை நானே படித்திருக்கிறேன். இதில் 300. கையில் வைத்தாலே எடை குறைவு தெரிந்தது. பழைய பேட்டரியைத் திருப்பித் தரவும் இல்லை.

தம்பி மல்ட்டிமீட்டரை ஸ்பீக்கரில் வைத்தான், 31 ஓம் காட்டியது. இந்த வகைச் சின்ன ஸ்பீக்கர் பெரும்பாலும் 32 ஓம்தான், அதனால் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது என்றான். காயில் அறுந்திருந்தால் மீட்டரில் ஒன்றும் வராதாம். வலைத்துணியை உலர்ந்த பல்தூரிகையால், செட்டைக் குப்புறப் பிடித்துக்கொண்டு தேய்த்தான், அழுக்கு உள்ளே விழாமல் வெளியே உதிரும் என்பதற்காக. பச்சைக் களிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தான். ஸ்பிரிங் தகட்டைத் துளி அளவு மேலே தூக்கிவிட்டு மூடினான். களிம்பு இருந்தால் தொடுப்பில் தடை கூடும், அந்தத் தடையே பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும், மிச்சத்தை வலைத்துணி அடைத்துவிடும். இவ்வளவுதான் நோய். உம்மா காதில் வைத்து டயல் டோனைக் கேட்டுவிட்டுச் செட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார், அவ்வளவு சத்தம்.

உள்ளே இருந்ததையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். படத்தைப் பார்க்கவே இல்லை. "நீங்களே திறந்துட்டீகள்ல, இனிமே நான் பொறுப்பில்ல" என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றேன். "பில் இருக்கா?" என்று சிரித்தார். துண்டுச் சீட்டு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்று நினைத்தேன், கை அவசரப்படுகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பல செட்டுகளில் காது வால்யூம் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் ஏறும், சும்மா வைத்துக்கொண்டு அழுத்தினால் மணிச் சத்தம்தான் மாறும், அதை முதலில் பாருங்கள். புது போனில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள் துளையை மூடியிருந்தால் உரியுங்கள். அதே லைனில் ஒரு வயர் போனை மாட்டிக் கேளுங்கள். அதிலும் குறைவாக இருந்தால்தான் லைன் கோளாறு. பேரலலாக இன்னொரு வயர் போன் எடுத்த நிலையில் கிடந்தாலும் சத்தம் குறையும். பேட்டரி மாற்றினால் சார்ஜ் ஏறும் வகைதான் போட வேண்டும், கடிகாரத்துக்குப் போடுகிற சாதா செல்லைப் போட்டுச் சார்ஜில் வைத்தால் ஒழுகிவிடும். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். காதில் வைத்துக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். கடைப் பெயர் அச்சடித்த பில் இல்லாமல் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். பில் வைத்திருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

2,850-ல் ஐ.சி. காசு 1,600-ஐயாவது திருப்பித் தாருங்கள் என்று நேற்றும் அடித்தேன். "ஓனர் வெளியூர் போயிருக்காரு" என்று பதில் வந்தது. பேசியது அவரேதான், குரல் தெரியாதா எனக்கு?