கொஹிமா வார் செமட்ரி: 5 ஸ்டார், ஆனா அவசரமா போகாதீங்க

ரெண்டாம் உலகப் போர்ல, 1944ல, நாகாலாந்து தலைநகர் கொஹிமாவுல ஜப்பான் படைய எதிர்த்துச் சண்டை போட்டு இறந்த பிரிட்டிஷ், இந்திய வீரர்களோட கல்லறைத் தோட்டம் இது. டிசம்பர்ல இங்க நடக்கற ஹார்ன்பில் ஃபெஸ்டிவலுக்கு வர்றவங்க நிறைய பேர் இத ஒரு போட்டோ ஸ்பாட்டா முடிச்சிட்டுப் போயிடறாங்க, எங்க டிராவல்ஸ்காரரும் இருபது நிமிஷம்தான்னு சொன்னாரு, நான் வண்டிய அனுப்பிட்டு அங்கயே இருந்துட்டேன். என்ட்ரி ஃப்ரீ. கேரிசன் ஹில் சரிவுல படிப்படியா ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க மெதுவா போங்க.

மொத்தம் 1420 கல்லறை. ஆபீசரா சிப்பாயான்னு பாகுபாடே இல்ல, எல்லாருக்கும் ஒரே அளவு கல்லு, அதுமேல வெண்கலத் தகடு. நம்ம இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேர எரிச்சிட்டதால அவங்க பேரெல்லாம் உச்சியில தனி நினைவுச் சின்னத்துல இருக்கு, தயவுசெஞ்சு அதுவரைக்கும் ஏறிப் பாருங்க, பாதிப் பேர் கீழயே திரும்பிடறாங்க.

நான் தேடிப் போனது லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன. இந்த மாதிரி போர்க் கல்லறைகளப் பராமரிக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்ல பேரப் போட்டா எந்த பிளாட், எந்த வரிசைன்னு வந்துடும், போறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. அவர் இருந்தது பிரிட்டிஷ் ராணுவத்தோட 4வது ராயல் வெஸ்ட் கென்ட், டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியன், அதாவது சாதாரண நாள்ல அவங்கவங்க வேலைக்குப் போயிட்டு லீவு நாள்ல பயிற்சி எடுக்கற ரிசர்வ் ஆளுங்கள வச்சு ஆரம்பிச்ச படை. ஹார்மன் போர் தொடங்கினப்புறம் பட்டாளத்துல சேர்ந்தவர். 1944 ஏப்ரல் 8ஆம் தேதி ஜப்பான்காரங்க மெஷின் கன் இருந்த இடத்துக்குத் தனியா ஓடியிருக்காரு, கையில இருந்தது 4 செகண்ட்ல வெடிக்கற கிரெனேடு, லிவர விட்டதுமே அந்த 4 செகண்ட் ஓட ஆரம்பிச்சிடும், ஆனா விழுந்ததும் உடனே வெடிக்கணும்னு 2 செகண்ட் கையிலயே வச்சிருந்து அப்புறம் எறிஞ்சிருக்காரு. மறுநாள் காலையில திரும்பவும் தனியா போய் 5 பேர வீழ்த்திட்டு வர்ற வழியில குண்டடி பட்டு இறந்துட்டாரு. வயசு 29. பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. தகடு முன்னாடி நின்னு அந்த 2 செகண்ட மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன், ஒண்ணு, ரெண்டு, அதுக்கு மேல முடியல, தொண்டைய அடைச்சிடுச்சு.

சண்டை நடந்தது இந்த மலையிலயேதான், அங்க அப்போ இருந்த டெபுடி கமிஷனர் (மாவட்ட அதிகாரி) பங்களாவோட டென்னிஸ் கோர்ட் இடத்த வெள்ளைக் கோடு போட்டு அப்படியே காட்டியிருக்காங்க. ஒரு டென்னிஸ் கோர்ட் நீளம் 24 மீட்டர்கூட கிடையாது, அதுக்கு இந்தப் பக்கம் நம்ம படையும் அந்தப் பக்கம் ஜப்பான்காரங்களும் பதுங்கிக்கிட்டு ஒருத்தர்மேல ஒருத்தர் கிரெனேடு வீசியிருக்காங்க. கல்லறைல பாருங்க, ஊர்ல இருந்த குடும்பம் சொல்லி அனுப்பின ரெண்டு வரி சில தகட்டுல இருக்கும், அதப் படிக்காம போகாதீங்க.

பராமரிப்புக்கு மட்டுமே தனியா 5 ஸ்டார் குடுக்கலாம். தோட்டக்காரர் ஒருத்தர் கல்லு ஓரத்துல புல்ல வெட்டிட்டு, தகட்டுமேல விழுந்தத கையாலயே தட்டி விட்டுட்டு அடுத்த கல்லுக்குப் போறாரு, அப்படியே ஒரு வரிசை முழுக்க. எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்கய்யா, வீட்டாளுங்க யாரும் பக்கத்துல இல்ல.

கல்லறைமேல உட்கார்ந்து செல்ஃபி எடுக்கறாங்க, குழந்தைங்கள ஏற விடறாங்க, பார்க்கவே வயிறு எரியுது, யாராவது செஞ்சா சொல்லித் தடுங்க. நாகாலாந்துக்குள்ள போக வெளி மாநிலத்துக்காரங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட்னு ஒரு அனுமதி வேணும், மறந்துடாதீங்க. டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடும், காலையிலயே போயிடுங்க.