கலியாண வீடியோவுக்கு எந்தப் பெட்டி?

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குத் தை பிறந்தால் மூச்சுவிட நேரமில்லை. கலியாணம், சடங்கு, அப்புறம் கோயில் திருவிழா என்று எடிட்டிங் வேலை குவியும். அந்த நேரம் பார்த்து என் பழைய கணினி படுத்துவிட்டது. கையிலிருந்த காசுக்கு மூன்று வழி தெரிந்தது.

ஒன்று, பாவித்த வேர்க்ஸ்டேஷன், அதாவது கனமான வேலைக்கென்றே செய்த கணினி. எச்பி இசட்440, 2014இல் வந்தது. இன்டெலின் 6 கோர் ஸியோன் இ5-1650 வி3 சிப், பிழை திருத்தும் இசிசி மெமரி, 700 வாட் பவர் சப்ளை. புதிதில் யானை விலை, இன்று கைக்கு எட்டும் விலை. தீனி மட்டும் இன்னும் யானைத் தீனிதான்: சிப்புக்கே 140 வாட். ஸியோனுக்குள் கிராபிக்ஸ் இல்லாததால், வீடியோவை வேகமாக விரிக்கும் குவிக் சிங்க் வசதி கிடையாது. கூட வந்த குவாட்ரோ கே2200 கிராபிக்ஸ் கார்டுக்கும், கேமரா வீடியோவைச் சுருக்கிவைக்கும் எச்.265 முறை தெரியாது. கேமரா கோப்பைப் போட்டதும் டைம்லைன் திக்குகிறது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இந்தச் சிப் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 ஒக்டோபரோடு முடிந்தது.

இசிசி பற்றி ஒரு வேடிக்கை. உயரம் கூடக்கூட அண்டக் கதிர்கள் கூடும். 1,868 மீட்டரிலுள்ள நுவரெலியாவில் மெமரியில் ஒரு பிட் புரளும் வாய்ப்பு கொழும்பைவிட அதிகம்தான். ஆனால் எங்கள் பக்கம் மெஷினைக் கொல்வது கதிரல்ல, ஏப்ரல் மாத இடி.

இரண்டு, ஆப்பிளின் மேக் மினி எம்4. 2024இல் 599 டொலருக்கு வந்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. முழு வேகத்திலும் 65 வாட்தான் இழுக்கும் என்பதால், கரண்ட் போனாலும் சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும். நிறத் தகவலைக் கூடுதலாகப் பதியும் 4:2:2 10 பிட் வீடியோவையும் சிரமமின்றி ஓட்டும். ஆனால் வாங்கும்போது 16 ஜிபி என்றால் கடைசிவரை 16 ஜிபிதான். பழுதானால் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சீசனில் அந்த ஒரு நாளே பெரிய நட்டம்.

மூன்றாவது, சேர்த்துக் கட்டும் பெட்டி: 8 கோர் ரைசன் 7 5700எக்ஸ் சிப், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. சிப் 65 வாட் வகை, இன்டெல் ஸியோனின் பாதிக்கும் குறைவு. கார்டு எச்.265ஐ விரிக்கும், 4:2:2ஐ மட்டும் விரிக்காது. என் கேமரா நிறத் தகவல் குறைந்த 4:2:0தான் எழுதுகிறது. ஆகவே எனக்கு அது குறையே இல்லை. 4:2:2 கேமரா வைத்திருந்தால் யோசிக்காமல் மேக்கைத்தான் வாங்கியிருப்பேன். இதில் ரேம் போனால் ரேம், பவர் சப்ளை போனால் பவர் சப்ளை, பஸ்ஸில் பார்சல் போட்டு எடுத்து நானே மாற்றிவிடலாம்.

மூன்றாவதையே கட்டினேன். செலவைச் சமாளிக்க எஸ்எஸ்டியை 1 டிபியோடு நிறுத்திக்கொண்டேன். யூபிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவில்லை. இடி முழங்கினால் இப்போதும் முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போகிறேன்.