மாடல் விமானத்துக்கு புரொப்பெல்லர் வாங்குகிறவர்கள் கவனம்: எனக்கு 8,650 ரூபாய் போச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, தேவனாம்பட்டினம் கடற்கரை. இரண்டு மாதமாக நானும் என் மகளும் உட்கார்ந்து செய்த மாடல் விமானத்தை அவள் கையாலேயே வீசினாள். முழு த்ராட்டில் கொடுத்தும் ஏறவில்லை. மோட்டாரிலிருந்து புகை வந்தது, மூக்கு மணலில் குத்தியது. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. இரண்டும் கருகிவிட்டன, பேட்டரி உப்பிவிட்டது. மொத்தம் 8,650 ரூபாய்.

எல்லாம் ஓர் ஆன்லைன் உதிரிபாகக் கடையில் வாங்கியவை. எந்த அளவு புரொப்பெல்லர் போடலாம் என்று வாங்கும் முன்பே போன் செய்து கேட்டேன். எடுத்தவர் விமானத்தின் எடை என்ன, இறக்கை எத்தனை அடி, மோட்டார் எத்தனை கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று) என்று வரிசையாக விசாரித்தார். ஒரு கிலோ, 1000 கே.வி., 3 செல் பேட்டரி, 30 ஆம்பியர் இ.எஸ்.சி. என்று சொன்னேன். இவ்வளவு கேட்கிறவர் தெரிந்துதான் சொல்வார் என்று நம்பினேன். அங்கேதான் விழுந்தேன். "10×5 வேணாம் சார், கடலூர்ல கடல் காத்து. பிட்ச் ஜாஸ்தியா இருந்தாதான் கிழிச்சுட்டுப் போகும், 11×8 போடுங்க" என்றார். அன்று அவர்கள் தளத்தில் 10×5 ஸ்டாக் இல்லை என்று இருந்ததை நான் அப்போது யோசிக்கவே இல்லை.

முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதுதான் பிட்ச். 8 அங்குலம், நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் கணக்குப்படி மணிக்கு 110 கிலோமீட்டர். 40-இல் மிதக்கிற பழகு விமானத்துக்கு அது எதற்கு? வேகமே இல்லாத நேரத்தில் அவ்வளவு சாய்ந்த பிளேடு காற்றைச் சரியாகப் பிடிக்காது, இழுவை வராது. ஆனால் அதைச் சுற்ற மோட்டார் ஆம்பியரை அள்ளிக் குடிக்கும். மோட்டாரோடு வந்த அட்டவணையிலேயே 10×5-க்கு மேல் போடக் கூடாது என்று இருக்கிறது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை கூப்பிட்டேன். "நீங்க ஓவரா த்ராட்டில் கொடுத்திருப்பீங்க" என்றார் அதே ஆள். மறுநாள் வேறு குரல்: "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது சார்." 11×8 போடச் சொன்னது நீங்கள்தானே என்றேன். "யார் சொன்னாங்க, பேர் சொல்லுங்க." பெயர் நான் கேட்டு வைக்கவில்லை. புதன்கிழமை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இப்போது என் எண்ணையே எடுப்பதில்லை. 8,650 ரூபாய்! என் மாதச் சம்பளத்தில் எத்தனை நாள் அது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மோட்டார் அட்டவணையை முதலில் பாருங்கள். பழகு விமானம் என்றால் பிட்ச் குறைவாகவே போடுங்கள். வாட் மீட்டர் வைத்து, தரையிலேயே சில விநாடி ஓட்டி ஆம்பியர் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். மகள் இன்னும் உடைந்த மூக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.